வாசகர் கேள்வி: ஆற்றங்கரையில் இறங்கும் ஹெலி

இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் தருபவர், லண்டன் பாட்டர்சீ ஹெலிபோர்ட்டில் 17 வருடம் தளப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து வாசகர்.

கேள்வி: லண்டனில் எத்தனையோ உயர்ந்த கட்டடங்கள் இருக்க, ஹெலிகொப்டர்களை ஏன் ஆற்றங்கரையில் இறக்குகிறார்கள்? மொட்டைமாடி வசதிதானே? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: மொட்டைமாடியில் இறக்கிப் பார்த்த ஊர் நியூயோர்க். 1977 மே 16 அன்று, பான் ஆம் கட்டடத்தின் உச்சியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்ற ஒரு ஹெலியின் சக்கரக் கால் முறிந்தது. விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே அது பக்கவாட்டில் சரிந்தது. மேலே நான்கு பேர் இறந்தார்கள். உடைந்த விசிறித் துண்டொன்று கீழே தெருவில் விழுந்து, நடந்து போன ஒருவரின் உயிரையும் எடுத்தது. அந்தத் தளத்தை அதன்பிறகு திறக்கவே இல்லை. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மேற்பார்வையாளர் சொன்ன கதை இது. மேலே நடக்கும் பிழைக்குக் கீழே போகிறவன் உயிரைக் கொடுக்கக்கூடாது என்றார்.

ஹெலியின் இயந்திரம் நின்றாலும் அது கல்லைப் போல விழாது. கீழிருந்து மேலேறும் காற்றில் விசிறி தொடர்ந்து சுற்றும். ஆனால் எங்கே இறங்குவது என்று தீர்மானிக்க விமானிக்குக் கிடைப்பது சில விநாடிகள். கூரையும் தெருவும் நெருக்கியடிக்கும் ஊரில் ஆள் இல்லாத நீண்ட வெளி ஆறு ஒன்றுதான். அதனால்தான் ஒற்றை இயந்திர ஹெலிகள் நடு லண்டனுக்குள் தேம்ஸை ஒட்டியே பறக்கவேண்டும். விமானிகள் அந்த வழியை எச்4 என்பார்கள். எங்கள் இறங்குதளமும் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டப்பட்டது. வற்றின நேரம் கீழே சேறும் தூண்களும் தெரியும், பெருக்கு நேரம் தண்ணீர் கிட்ட வந்து நிற்கும். லண்டனில் தேம்ஸின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 7 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். கடற்கரையில் பிறந்த எனக்கே முதலில் நம்ப முடியவில்லை.

கேள்வி: இறங்குதளத்தில் உங்களுக்கு என்ன வேலை? கை காட்டுவதுதானா? (வாசகி, திருச்சி)

பதில்: கை காட்டுவது கடைசி வேலை. காலையில் முதல் வேலை எரிபொருள். தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தாலும் ஊற்றமாட்டோம். பிறகு தளத்தைக் கால்நடையாகச் சுற்றி வருவோம். ஷொப்பிங் பை, சிறு கல், கழன்ற ஆணி எதுவும் கிடக்கக்கூடாது. விசிறிக் காற்று கிளப்பினால் ஒரு பிளாஸ்டிக் பையே இயந்திரத்துக்குள் போய்விடும். கடற்காகங்களையும் விரட்டவேண்டும்.

ஹெலி வந்தால் விமானிக்குத் தெரியும்படி முன்பக்கமாகவே கிட்டப் போகவேண்டும். வால் பக்கம் ஒருவரையும் விடமாட்டோம். அங்கே சுற்றும் சின்ன விசிறி வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. ஒருமுறை காற்று அடித்துத் தொப்பி பறக்க, ஒரு பயணி அதைத் துரத்திக்கொண்டு வால் பக்கம் ஓடினார். பின்னால் பாய்ந்து அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து நிலத்தில் விழுத்தினேன். எழும்பி என்னை ஏசினார். அன்று இரவு வீட்டில் சோறு பிசையும்போதுதான் என் கை நடுங்கியது.

கேள்வி: ரிக்கெட் எடுத்துப் பஸ்ஸில் போவதுபோல் அங்கே போய் ஏறலாமா? (வாசகர், ரொறன்ரோ)

பதில்: ஏறமுடியாது. ஒவ்வொரு ஹெலியும் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் அங்கே இறங்கும். வாடகைக்கு அமர்த்திப் போகிறவர்களே அதிகம்.

கேள்வி: நான் பாட்டர்சீயில் நாலாம் மாடியில் இருக்கிறேன். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறா. ஹெலிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய் இருந்துவிடுகிறா. என்ன செய்வது? யாரிடம் சொல்வது? (வாசகி, லண்டன்)

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்வியை இரண்டு முறை வாசித்துவிட்டு எழுதுகிறேன். 80களின் நடுவில் நானும் அந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடின பெடியன். தூரத்தில் விசிறி கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடுவா. பாட்டர்சீயில் முதல் ஆறு மாதமும் காதை மூடும் கவசத்துக்குள்ளும் என் நெஞ்சு அடித்தது. அம்மாவுக்குப் புத்தி சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயம் நித்திரையையும் சாப்பாட்டையும் கெடுத்தால் உங்கள் ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) இதை விபரமாகச் சொல்லுங்கள்.

இனி முறைப்பாடு. அந்த ஹெலிபோர்ட் 1959 இல் திறந்தபோது சுற்றிவரத் தொழிற்சாலைகள்தான், பக்கத்தில் மெழுகுதிரி செய்யும் இடம்கூட இருந்தது. இப்போது நாலு பக்கமும் கண்ணாடி மாடிகள், அதற்குள் குழந்தைகள். அதனால் அங்கே ஒரு நாளைக்கு 80, வருடத்துக்கு 12,000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இறங்குவது ஒன்று, கிளம்புவது இன்னொன்று என்று கணக்கு. இந்த வரம்பைத் தளர்த்தவே கூடாது என்பது என் கருத்து. அங்கே சம்பளம் வாங்கினவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

உயர்ந்த மாடிகள் சத்தப் பிரச்சினையை மட்டும் கொண்டுவரவில்லை. 2013 ஜனவரி 16 காலை, லண்டனுக்கு வடக்கே உள்ள எல்ஸ்ட்ரீ விமானத்தளத்துக்குப் போன ஒரு ஹெலி அங்கே மூடுபனியால் இறங்க முடியாமல் எங்களிடம் வரக் கேட்டது. 8 மணிக்குச் சற்று முன் வொக்சோலில், கட்டிக்கொண்டிருந்த கோபுரத்தின் பாரந்தூக்கியில் மோதி விழுந்தது. விமானியும் தெருவில் நடந்து போன ஒருவரும் இறந்தார்கள். எனக்கு அன்று மத்தியான ஷிப்ற். பஸ்ஸில் கேள்விப்பட்டு, இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

உங்கள் வீட்டுக்கு மேலால் போவதெல்லாம் அங்கே இறங்குபவை அல்ல. பொலிஸ் ஹெலியும் அம்புலன்ஸ் ஹெலியும் போகும், ஆற்று வழியால் சும்மா கடந்து போகிறவையும் உண்டு. ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். திகதி, சரியான நேரம், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது, என்ன நிறம், ஆற்றுக்கு மேலா வீடுகளுக்கு மேலா என்று குறியுங்கள். முடிந்தால் வால் எழுத்துகளையும் படம் எடுங்கள். ஹெலிபோர்ட் நிர்வாகத்துக்கு எழுதும்போது அந்தப் பகுதியின் உள்ளூராட்சி சபையான வொண்ட்ஸ்வேர்த் கவுன்சிலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். "எப்போதும் சத்தம்" என்று எழுதினால் தேடிப் பார்க்க ஒன்றும் இருக்காது. "செவ்வாய் மாலை 6.42" என்று எழுதினால் பதிவேட்டைத் திறந்தே ஆகவேண்டும்.