பினிஷர் போர்டு மாற்றியதும் பிழை காட்டினால்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உங்கள் அலுவலகக் கலர் போட்டோகொப்பி மெசினில் பினிஷர் (பிரதிகளை அடுக்கி ஸ்டேபிள் அடிக்கும் பகுதி) போர்டு மாற்றியதிலிருந்து பிழை காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுப் போர்டைத் திருப்பி அனுப்பாதீர்கள். புதிய போர்டு தொழிற்சாலையில் ஏற்றிய ஃபெர்ம்வெயருடன் (போர்டை இயக்கும் உள் மென்பொருள்) வரும். மெசினில் இருப்பது வேறு பதிப்பென்றால் இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சர்வீஸ் மெனுவில் இரண்டின் பதிப்பு எண்களையும் பாருங்கள். பிறகு, உங்கள் மாடலுக்கே உரிய ஃபெர்ம்வெயர் தொகுதியை முழுமையாக ஏற்றுங்கள்.

ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம். சின்ன யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள், பியூசர் (மையைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பகுதி) சூடாகும்போது இழுக்கும் சுமையை அது தாங்காது. ஐப்பசி, கார்த்திகை இடிமழை நேரத்தில் தொடவே வேண்டாம்.

என்றாவது பிரதான போர்டை மாற்றினால், பழையதிலுள்ள நினைவகச் சிப் கவனம். பல மாடல்களில் பிரதிக் கணக்கும் சீரமைப்பு அளவுகளும் அதில்தான் இருக்கும்.