வீட்டுக்கு எந்த எஸ்பிரசோ கருவி? – கேள்வி பதில்

காபி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நம் உறுப்பினர் ஒருவர், வீட்டு எஸ்பிரசோ கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): எங்கள் வீட்டில் நால்வர். இதுவரை ஃபில்டரில் இறக்கிய டிகாஷன் காபிதான். முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஓர் எஸ்பிரசோ இயந்திரம் வாங்கலாம் என்று நினைக்கிறோம். எந்த வகை சரியாக இருக்கும்?

பதில்: வகையைச் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரிய வேண்டும், அம்மா. நால்வரும் பால் சேர்த்துக் குடிப்பவர்களா? நால்வரும் ஒரே நேரத்தில் குடிப்பவர்களா? ஃபில்டரில் வெந்நீர் தன் எடையால் மட்டுமே தூளின் வழியே இறங்குகிறது. இரவே இறக்கி வைத்துவிட்டால் காலையில் எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். எஸ்பிரசோவோ, நுண்ணியதாக அரைத்துக் கெட்டியாக அமுக்கிய தூளின் வழியே, 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீரை ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் செலுத்தி எடுப்பது. முன்கூட்டி எடுத்து வைத்தால் மேலே படியும் க்ரீமா என்ற பொன்னிற நுரை அடங்கிச் சுவையும் கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு கோப்பையையும் அப்போதைக்கப்போது எடுத்து, அதற்கான பாலையும் அப்போதைக்கப்போது நுரைக்க வேண்டும்.

உங்கள் தொகைக்குள் கிடைப்பவை பெரும்பாலும் தெர்மோபிளாக் வகை இயந்திரங்கள். அவற்றில் ஓர் உலோகக் கட்டிக்குள் வளைந்து செல்லும் பாதையில் ஓடும்போதே நீர் சூடாகிறது. ஓரிரு நிமிடங்களில் தயாராகிவிடும் என்பது இவற்றின் பெரிய வசதி. ஆனால் காபி எடுத்ததும் நீராவிக்கான சூட்டுக்கு ஏறவும், அடுத்த காபிக்கு மீண்டும் இறங்கவும் அவற்றுக்கு நேரம் வேண்டும் என்பதால், காலை ஏழரை மணிக்குப் பள்ளி வண்டி வாசலில் நிற்கும் வீட்டில் நான்கு கோப்பை பால் காபிக்கு அதை நம்பியிருப்பது சிரமம். காலைக் காபியை ஃபில்டரிலேயே வைத்துக்கொண்டு, மாலையில் இருவருக்கு மட்டும் எஸ்பிரசோ என்றால் தாராளமாக வாங்குங்கள். அப்போதும் முப்பதாயிரத்தையும் இயந்திரத்திலேயே போட்டுவிடாமல், மூன்றில் ஒரு பங்கையாவது கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். காரணத்தைக் கீழே வேறொரு கேள்விக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி வாசகர்): பாத்திரக் கடையில் அடுப்பில் வைக்கும் ‘மோக்கா பாட்’ என்ற கருவியைக் காட்டி, “இதுவும் எஸ்பிரசோ மேக்கர்தான் சார்” என்றார்கள். விலையும் மிகக் குறைவு. உண்மைதானா?

பதில்: பெட்டியிலும் அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். இத்தாலியில் 1933-இல் அல்ஃபோன்சோ பியாலெட்டியின் பட்டறையில் பிறந்த இந்தக் கருவியில், கீழறையில் சேரும் நீராவி வெந்நீரைத் தூளின் வழியே மேலறைக்குத் தள்ளுகிறது. அதன் அழுத்தம் ஒன்றரை பார் அளவே இருக்கும். ஆகவே அதில் வருவது எஸ்பிரசோ அல்ல, க்ரீமாவும் அதில் வராது. ஆனால் தினமும் பால் சேர்த்தே குடிப்பவருக்கு, இயந்திரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பகுதியில் கெட்டியான, மணமான காபியைத் தரக்கூடியது இதுவே என்பது என் கருத்து. எங்கள் கடைக்கு இயந்திரம் வாங்க வருபவர்களில் பலரை மோக்கா பாட்டோடு அனுப்பி வைத்து முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கையாளும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கீழறையில் வால்வுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வெந்நீர் ஊற்றுங்கள். தூளைக் கூடையில் தளர்வாக நிரப்பி விரலால் மட்டப்படுத்துங்கள், ஒருபோதும் அமுக்காதீர்கள். அடுப்பைச் சிறு தீயில் வைத்து மூடியைத் திறந்தே விட்டால், முதலில் கருந்தேன் நிறத்தில் மெதுவாக வழிந்து வரும் காபி, போகப் போக வெளிறி, ‘கரகர’வென்று கொப்பளிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் வந்த கணமே இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய் நீரில் காட்டுங்கள்; அதற்குப் பிறகு வருவது வெறும் கசப்பு. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அலுமினியத்தில் வாங்காமல், இண்டக்‌ஷனுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டுள்ள எவர்சில்வர் பாட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி (சேலம் வாசகர்): ஒரு விளம்பரத்தில் 15 பார், இன்னொன்றில் 20 பார் என்கிறார்கள். 20 பார் இருப்பதுதானே நல்லது?

பதில்: இல்லை. பெட்டியில் அச்சிட்டிருப்பது பம்ப் அதிகபட்சமாகத் தரக்கூடிய அழுத்தம். காபித் தூளின் மேல் விழ வேண்டியது 9 பார்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா உருவாக்கிய இயந்திரம் நீராவியின் அழுத்தத்தையே நம்பியிருந்ததால் அதில் க்ரீமா இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கீலே காஜியா 1948-இல் சந்தைக்குக் கொண்டுவந்த நெம்புகோல் இயந்திரம், சுருள்வில்லின் விசையால் 9 பாரை ஒட்டிய அழுத்தத்தைத் தந்தபோதுதான் அந்தப் பொன்னிற நுரை முதன்முதலாகக் கடைகளில் தென்பட்டது. 1961-இல் ஃபயேமா நிறுவனத்தின் இ-61 அதே அழுத்தத்தை மின்பம்பால் தந்தது. இன்றுவரை அளவு மாறவில்லை. நல்ல இயந்திரங்களில், கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றி 9 பாரை ஒட்டி நிறுத்தும் வால்வு ஒன்று இருக்கும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள், பார் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): எங்கள் தெருமுனைக் கடையில் பீபெரி, பிளான்டேஷன் வகைக் காபிக் கொட்டைகளைக் கலந்து, சிக்கரி சேர்த்துப் புதிதாக அரைத்துத் தருகிறார்கள். அந்தத் தூளையே இயந்திரத்தில் போடலாமா? கிரைண்டர் தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: சிக்கரி கலந்த தூளை மட்டும் எஸ்பிரசோ இயந்திரத்தில் போடாதீர்கள். சிக்கரி நீரில் எளிதில் கரைந்து பிசுபிசுக்கும் தன்மை உடையது. அழுத்தத்தில் அது தூள் போடும் கூடையின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். பழுதுக்கு வரும் இயந்திரங்களில், காபி வெளியேறும் சல்லடைத் தட்டைக் கழற்றினால் பின்புறத்தில் தார் போலப் படிந்திருக்கும் கறுப்புப் பிசினில் சிக்கரியின் பங்கும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதே கடையில் அதே கொட்டையைச் சிக்கரி இல்லாமல், அரைக்காமல், வறுத்தபடியே கேட்டு வாங்குங்கள். பீபெரி எஸ்பிரசோவுக்கு நன்றாகவே பொருந்தும். ரோபஸ்டா வகைக் கொட்டை கொஞ்சம் கலந்திருந்தாலும் குறையில்லை. க்ரீமாவைக் கெட்டியாக்குவதே அதுதான், நம் நாட்டு ரோபஸ்டாவை இத்தாலியர்கள் விரும்பி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி கிரைண்டர். எஸ்பிரசோவில் நீர் வேகமாக ஓடிவிடாமல் தடுத்து நிறுத்துவது தூளின் நுண்மை ஒன்றே. 18 கிராம் தூள் போட்டு, 36 கிராம் காபி 25 முதல் 30 வினாடிக்குள் வந்தால் சரியான நிலை என்று பொதுவாகக் கொள்கிறோம். கிரைண்டரின் வளையத்தை ஒரு பிடி முன்னே நகர்த்தினால் அதே காபி 40 வினாடி இழுத்துக் கசக்கும். ஒரு பிடி பின்னே நகர்த்தினால் 15 வினாடியில் பாய்ந்து புளிக்கும். கொட்டை மாறினாலும், திறந்து வைத்த பொட்டலம் ஒரு வாரம் பழையதானாலும், மழைக்காலம் வந்தாலும் இந்த இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் எத்தனை நேர்த்தியாக அரைத்துத் தந்தாலும், அது உங்கள் இயந்திரத்துக்கு அன்றைக்கு வேண்டிய அளவில் அமைவது தற்செயலே. மிக்ஸியில் அரைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பிளேடு வெட்டும்போது மாவும் ரவையும் ஒன்றாக வரும், நீர் ரவை இருக்கும் பக்கமாக வழி கண்டு ஓடிவிடும். கூம்பு வடிவப் பற்சக்கரங்கள் உள்ள நல்ல கைக்கிரைண்டர் ஒன்று, அதே விலையுள்ள மின்கிரைண்டரை விடச் சீராக அரைக்கும். இரண்டு பேருக்கான தூளுக்குக் கை வலிக்கும் அளவுக்கு வேலை இல்லை.

கிரைண்டரே வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் இரட்டைச் சுவர்க் கூடையைத் தருகிறார்கள். அதன் வெளிச்சுவரில் குண்டூசி முனையளவு ஒரே ஒரு துளை இருக்கும். தூள் தர வேண்டிய தடையை அந்தத் துளை தந்துவிடும். நுரையும் வரும், ஆனால் அது துளையில் பீச்சப்படுவதால் உண்டாகும் நுரை. பால் காபிக்கு அது போதும். பால் இல்லாமல் குடித்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்.

கேள்வி (டொரோண்டோ வாசகர்): ஒற்றை பாய்லர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், இரட்டை பாய்லர் என்று மூன்று சொல்கிறார்கள். எனக்கும் மனைவிக்கும் தினமும் காலையில் கப்புச்சினோ. இங்கே ஒன்றை வாங்கி, பின்னாளில் ஊருக்கு வரும்போது எடுத்து வரலாமா?

பதில்: காபிக்கு 93 டிகிரியை ஒட்டிய நீர் போதும், பாலை நுரைக்கும் நீராவிக்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்த இரண்டு சூட்டையும் ஓர் இயந்திரம் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு. ஒற்றை பாய்லரில் முதலில் காபி, பிறகு சூடேறக் காத்திருந்து பால். காஜியா கிளாசிக், ரான்சீலியோ சில்வியா ஆகியவை இந்த வகை. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பாய்லர் எப்போதும் நீராவிச் சூட்டில் இருக்க, அதனூடே செல்லும் குழாயில் காபிக்கான நீர் தனியாகச் சூடாகும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம், ஆனால் சிறிது நேரம் சும்மா நின்றிருந்தால் குழாயில் தேங்கிய நீர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும், அதைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டே காபி எடுக்க வேண்டும். இரட்டை பாய்லரில் இந்தத் தொல்லை இல்லை. விலையும் எடையும் அதிகம்.

இருவருக்கு இரண்டு கப்புச்சினோ என்றால் ஒற்றை பாய்லரே போதும். இரண்டு காபியையும் முதலில் எடுத்துவிட்டுப் பாலை ஒரே குடுவையில் சேர்த்து நுரைத்தால் காத்திருப்பது ஒரே ஒரு முறைதான். வாரந்தோறும் விருந்தாளிகள் வரும் வீடானால் மட்டும் மற்ற இரண்டைப் பற்றி யோசியுங்கள். ஊருக்கு எடுத்து வருவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆயிரத்து ஐநூறு வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் அரிசி மூட்டை போல் கனக்கும், அதை வைத்தாலும் அதிர்வு பம்ப் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தே ஓடுவதால் முன்போல் இயங்காது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): நான் தனி ஆள், பால் சேர்ப்பதில்லை. எங்கள் பகுதியில் மின்தடை அதிகம். இன்வெர்ட்டரில் இயந்திரம் ஓடுமா?

பதில்: வீடுகளில் வழக்கமாக உள்ள 900 வி.ஏ. இன்வெர்ட்டரில் ஓடாது, சிறிய எஸ்பிரசோ இயந்திரமே பெரும்பாலும் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆனால் உங்களுக்கு இயந்திரமே தேவையில்லை. ஃப்ளேர், கேஃபலாட் ரோபோ போன்ற கைநெம்புகோல் கருவிகளில் கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றி, கையாலேயே அழுத்தம் தரலாம்; கேஸ் அடுப்பு இருந்தால் போதும். பாகங்களை முதலில் வெந்நீரில் சூடாக்கிக்கொள்வதைத் தவிர்க்காதீர்கள், ஏனெனில் குளிர்ந்த உலோகம் நீரின் சூட்டை இழுத்துக்கொண்டால் காபி புளிக்கும். பம்ப், பாய்லர், மின்பலகை எதுவும் இல்லாததால் பழுதாகவும் அதிகம் எதுவும் இல்லை; ரப்பர் வளையங்களை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். பால் சேர்க்காத தனி ஆளுக்கு, இதற்கு மிஞ்சிய தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி (மதுரை வாசகி): கல்யாண மண்டபங்களில் முன்பு நீராவி சீறும் இயந்திரத்தில் நுரை பொங்கத் தருவார்களே, மேலே சாக்லேட் தூள் தூவி! அந்தச் சுவை வேண்டும். எந்த இயந்திரம்?

பதில்: அதில் இருந்தது உடனடிக் காபித் தூள், சர்க்கரை, பால், நீராவி. உள்ளங்கையளவு பேட்டரி நுரைப்பான் ஒன்று வாங்கி, இன்ஸ்டன்ட் தூளையும் சர்க்கரையையும் துளி நீரில் வெளிறும்வரை அடித்து, கொதிக்கும் பாலை உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): எழுபத்தைந்து வயதான என் தாயார் தனியாக இருக்கும் நேரங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் காபி வர வேண்டும். கேப்ஸ்யூலா, கொட்டையை அரைத்துத் தானே செய்யும் முழுத் தானியங்கியா?

பதில்: தூள் அடைத்த சிறு குப்பியைப் போட்டு எடுக்கும் கேப்ஸ்யூல் வகைதான். தானியங்கியில் கொட்டைக்கான செலவு குறைவுதான். ஆனால் சக்கைத் தட்டைக் கொட்ட வேண்டும், காபி எடுக்கும் பகுதியை வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும், பால் செல்லும் குழாயை அன்றன்றே சுத்தம் செய்யாவிட்டால் நம் ஊர் வெயிலில் நாற்றமே எடுத்துவிடும். எண்ணெய் மினுமினுக்கும் கருவறுவல் கொட்டையும் அதற்கு ஆகாது. கேப்ஸ்யூலில் இந்த வேலைகள் இல்லை. ஒன்றில் ஐந்தாறு கிராம் தூளே இருப்பதால் காபி சற்று லேசாக இருக்கும். கோப்பைக்கு ஆகும் செலவும் கூடுதல். அந்த வகை கேப்ஸ்யூல் உங்கள் பகுதியில் தடையின்றிக் கிடைக்கிறதா என்பதை விசாரித்த பிறகே இயந்திரத்தை வாங்குங்கள்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி வாசகி): எங்கள் போர் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? பழைய இயந்திரம் ஒன்றும் விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், பாத்திரத்தில் படியும் அதே உப்பு பாய்லரிலும் படிந்து, சூட்டுக் கம்பியை மூடி, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். நான் திறந்து பார்க்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். ஆர்.ஓ. நீர் பாதுகாப்பானது, ஆனால் உப்பே இல்லாத அளவுக்கு வடிகட்டிய நீரில் காபி சப்பென்று இருக்கும். நீரிலுள்ள உப்பின் மின்கடத்தலைக் கொண்டு நீர்மட்டத்தை அறியும் இயந்திரங்கள் சில, தொட்டி நிறைந்திருந்தும் காலி என்று காட்டும். கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும்படி உங்கள் ஆர்.ஓ. கருவியைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பழைய இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து எத்தனை நிமிடத்தில் சூடேறுகிறது என்பதை நீங்களே பார்க்க வேண்டும். தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடியை மாட்டாமல் பம்பை ஓட்டினால் நீர் சல்லடை முழுவதிலிருந்தும் சீராக விழ வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் உள்ளே அடைப்பு. அந்த நீரை அடர்நிறக் கிண்ணத்தில் பிடித்து, அடியில் வெண்துகள் தங்குகிறதா என்று பாருங்கள். நீராவிக் குழாயை முழுவதும் திறந்து, மூடிய பிறகும் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். கைப்பிடி வழக்கமான இடத்தைத் தாண்டிச் சுழன்றால் கேஸ்கெட் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது, அது சில நூறு ரூபாய் வேலை. வெண்துகள் வந்தால் மட்டும், பாய்லரைத் திறந்து சுத்தம் செய்யும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.