பைக் விபத்தில் அடிபட்ட காது, இரண்டு மாதமாகியும் சரியாகக் கேட்கவில்லை. ஆபரேஷன் அவசியமா?

தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், காதிலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகுதல், இதில் ஏதாவது இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் இன்றே ஈஎன்டி டாக்டரிடம் கிளம்புங்கள். அது வேறு கணக்கு.

அப்படி எதுவும் இல்லையென்றால் அவசரம் இல்லை. அடிபட்டதும் நடுக்காதில் தேங்கும் ரத்தம் சில வாரங்களில் வற்றிவிடும். கிழிந்த செவிப்பறையும் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக மூடிக்கொள்ளும். டாக்டர்கள் பொறுக்கச் சொல்வது அதனால்தான்.

வேளச்சேரியில் ஸ்கூட்டர் சறுக்கி எனக்கும் இடது காதில் அடி. செவிப்பறைச் சவ்வு அழகாக மூடிவிட்டது, காது மட்டும் கேட்கவில்லை. நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் உண்டு. நடுவில் இருக்கும் பட்டடைக்குப் பிடிமானம் குறைவு. அடி விழுந்தால் அதிகமாக இடம் பெயர்வது அதுதான்.

டாக்டர் இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை, தட்டி நெற்றியில் வைத்தார். கேட்காத காதில்தான் சத்தம் பலமாகக் கேட்டது! நான் குழம்பிப்போனேன், அவருக்கோ திருப்தி. நரம்பு நன்றாக இருக்கிறது, ஒலி போகும் வழியில்தான் கோளாறு என்று அர்த்தமாம். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம், சிடி ஸ்கேன் இரண்டும் அதையே சொல்லின.

ஆபரேஷனில் செவிப்பறையைத் தூக்கி, விலகிய பட்டடையை வெளியே எடுத்துச் செதுக்கி, சுத்திக்கும் அங்கவடிக்கும் நடுவே பொருத்தினார்கள். அந்த எலும்பு உதவாது என்றால் டைட்டானியத் துண்டு வைப்பார்கள். சவ்வில் ஓட்டை மிச்சமிருந்தால், காதுக்கு மேலே உள்ள தசையின் உறையை எடுத்து அதே கையோடு ஒட்டிவிடுவார்கள்.

அப்புறம் கொஞ்ச காலம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, காதில் தண்ணீர் படக் கூடாது, விமானம் வேண்டாம் என்றார்கள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். காப்பி தகரம் மாதிரி ருசித்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நாக்கின் சுவை நரம்பு ஒன்று நடுக்காது வழியாகப் போகிறது, அதைத் தொட்டால் இப்படி ஆகும். எனக்குச் சில மாதங்களில் சரியாகிவிட்டது.

கேட்கும் திறன் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் போனை இடது காதில் வைத்துப் பேச முடிகிறது, எனக்கு அது போதும். கத்தி வேண்டாம் என்பவர்களுக்குக் காது மெஷினும் நல்ல வழிதான், டாக்டரிடம் நீங்களாகக் கேளுங்கள். செலவு பயமென்றால் சென்னையில் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் ஈஎன்டி பிரிவு இருக்கிறது.

இப்போதைக்கு ஒரு ஆடியோகிராம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுப்பதோடு ஒப்பிட உதவும். அதுவரை காதில் எண்ணெய், பூண்டுச் சாறு எதுவும் விடாதீர்கள், வீட்டில் யார் சொன்னாலும் சரி.