தொகையை விட்டுவிட்டு, பேச்சு நடத்திய விதத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

கனடாவின் ஏர் கனடா விமானக் கம்பனியில் விமானப் பணியாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தில் கம்பனியும் சங்கமும் சம்பளத் தொகையை விடப் பேச்சு நடந்த முறையைப் பற்றியே ஏன் அதிகம் குற்றஞ்சாட்டின என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கிளைச் சங்கச் செயலாளராக இருந்து கூட்டு ஒப்பந்தம் பேசியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தொகையில் இழுபறி வந்தால் நடுவில் எங்கேயாவது முடிக்கலாம். "எங்களோடு நீங்கள் உண்மையாகக் கதைக்கவே இல்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு நடு என்று ஒன்றில்லை.

ஏர் கனடாவில் நடந்ததும் அதுதான். நான்கு வருடத்தில் மொத்தக் கொடுப்பனவு 38 வீதம் கூடும் என்று கம்பனி ஊரறிய அறிவித்தது. விமானம் தரையில் நிற்கும்போது பயணிகளை ஏற்றி இறக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும் என்பது பணிப்பெண்கள், பணியாளர்களின் கோரிக்கை. 2025 ஆகஸ்ட் 16 வேலைநிறுத்தம் தொடங்கியது. அன்றைக்கே தொழில் விவகாரத்துக்குப் பொறுப்பான கனடா அமைச்சர் அந்த நாட்டுத் தொழில் சட்டத்தின் 107ஆம் பிரிவைக் காட்டி, வேலைக்குத் திரும்புங்கள், நடுத்தீர்ப்பாளர் முடிவு சொல்வார் என்று வழி செய்தார். பேச்சு முட்டுப்பட்டுவிட்டது, பயணிகள் தவிக்கிறார்கள் என்றது கம்பனி. அரசாங்கம் எப்படியும் தலையிடும் என்று தெரிந்த கம்பனி மேசையில் எதற்கு இறங்கிவரப்போகிறது என்றது சங்கம். சங்கம் சொன்னதில்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. உத்தரவை மீறி அவர்கள் நின்றார்கள்; 19ஆம் திகதி மத்தியஸ்தர் மூலம் உடன்பாடு வந்தது. பிறகு அதன் சம்பளப் பகுதியை உறுப்பினர்களே பெரும்பான்மையாக நிராகரித்தார்கள்.

எங்களுக்கு நடந்தது சின்ன விசயம், ஆனால் நோவு ஒன்றுதான். இரவுவேலைக் கொடுப்பனவு பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் மதியம் பார்த்தால் விரல்பதிவு மெசினுக்குப் பக்கத்தில் நிர்வாகத்தின் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: இவ்வளவு தர நாங்கள் தயார், சங்கம் மறுக்கிறது என்று. சாப்பாட்டுப் பார்சலைக் கையில் வைத்தபடி பொடியன்கள் நின்று வாசிக்கிறார்கள். ஒருவன் என்னிடம் வந்து, "அண்ணா, கம்பனி தாறன் எண்டு சொல்ல நீங்கதான் வேணாம் எண்டீங்களாம், உண்மையோ?" என்று கேட்டான். அந்தத் தொகைக்குப் பதிலாக வருகைக் கொடுப்பனவை வெட்டக் கேட்ட கதை அறிவித்தலில் இல்லை. அதற்குப் பிறகு மேசையில் அவர்கள் சொன்ன நல்ல சொல்லையும் நாங்கள் சந்தேகத்தோடுதான் கேட்டோம். பேச்சு மாதக்கணக்கில் இழுபட்டது.

சங்கக்காரரிலும் பிழை உண்டு. உள்ளே தலையாட்டிவிட்டு வெளியே வந்து "நாங்கள் ஒத்துக்கொள்ளவேயில்லை" என்று முழங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அதைச் செய்கிறவர்மேல் எனக்கு நிர்வாகத்தில் உள்ளதை விடக் கோபம்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இருக்கிறது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தத்தின்படி, எந்தத் தொழிலாளருக்காகப் பேசுகிறதோ அவர்களில் 40 வீதத்துக்குக் குறையாதவர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேரம்பேச முதலாளி மறுக்கக்கூடாது. பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் மேசைக்கு வந்து உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டுப் போகிறவரை அந்த 40 வீதம் என்ன செய்யும்?

அதனால் நீங்கள் எப்போதாவது சங்கப் பக்கம் உட்கார நேர்ந்தால், முதற்கூட்டத்தில் சம்பளத்தைத் தொடாதீர்கள். பேச்சு முடியும்வரை தனித்தனி அறிவித்தல் ஒட்டுவதில்லை, ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பிலும் எழும்பமுன் இரண்டு பக்கமும் கையெழுத்து, கையெழுத்துப் போட அதிகாரமுள்ள ஒருவர் நிர்வாகப் பக்கம் கட்டாயம் இருக்கவேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் குறிப்பில் எழுதி, ஒரு பிரதியை உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.