உயர்த்திய பழைய பிக்கப்பில் ஸ்டியரிங் எங்கே இடிக்கிறது? – கேள்வி பதில்

நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றவன் நான். இப்போது அரிசோனாவில் இருக்கிறேன். வாசலில் 1983 டொயோட்டா பிக்கப் ஒன்று நிற்கிறது. ஓடுகிற நாளைவிட ஸ்டாண்டில் நிற்கிற நாள்தான் அதிகம். பழைய பிக்கப்பை உயர்த்தியபின் ஸ்டியரிங்கில் வரும் தொல்லைகளைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை முன்பக்கம் திட ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளைப் பற்றியவை: 1979 முதல் 85 வரையிலான டொயோட்டா, 1973 முதல் 87 வரையிலான ஷெவர்லே கே10. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

டூசானிலிருந்து ஒருவர்: அண்ணா, 1984 டொயோட்டா. 4 அங்குலம் ஏற்றி, 33 அங்குல டயர் போட்டேன். இடப்பக்கம் முழுசா ஒடிச்சா கீழே "டங்"னு சத்தம். எந்த ஸ்டியரிங் கிட் வாங்கலாம்?

தம்பி, முதலில் பர்ஸை மூடுங்கள். எது எதில் இடிக்கிறது என்று தெரியாமல் கிட் வாங்கினால் புதுக் கிட்டும் அதே இடத்தில்தான் இடிக்கும்.

அரை நாள் ஒதுக்குங்கள். சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே படுக்க வேண்டாம். ஷாக்கைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கில் மெயின் பட்டையை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எடுத்த கனத்துக்கு ஒரு கட்டை வைத்து யூ போல்ட்டை மாட்டினால், ஆக்சில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், ஆனால் ஜாக் வைத்து ஏற்றினால் எளிதாக ஏறும். இப்போது இடப்பக்கத்தைப் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் அதற்குமேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடும்வரை ஏற்றுங்கள், வலப்பக்கம் தொங்கட்டும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிறுத்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்ப வேண்டும். நீங்கள் கீழே டார்ச்சோடு. பிறகு பக்கம் மாற்றி இதையே செய்யுங்கள்.

சந்தேகமான இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை நெல்லிக்காய் அளவு ஒட்டிவையுங்கள். திருப்பி முடித்ததும் அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். மிச்சமிருக்கும் கனம்தான் அங்கே உள்ள இடைவெளி. 12 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் விடுவதில்லை. ஓடும்போது பட்டையும் நெளியும், ரப்பர் புஷ்ஷும் நசுங்கும்.

பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அல்புகர்க்கியிலிருந்து: டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறது. நக்கிளில் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் ஆக்சில் முனை) இருக்கும் ஸ்டாப் போல்ட்டை வெளியே இழுத்தால் போதும் என்று அலைன்மென்ட் கடையில் சொல்கிறார்கள். சரியா?

உரசல் நிற்கும். ஆனால் யூ-டர்ன் எடுக்க இரண்டு முறை ரிவர்ஸ் போட வேண்டிவரும். கொஞ்சமாக உரசினால் அதையே செய்யுங்கள். அதிகமாக உரசினால் குற்றம் சக்கரத்தில் இருக்கிறது. கம்பெனி சக்கரம் உள்ளே அதிகம் புதைந்து உட்காரும். பின்னிடைவு (சக்கரத்தின் உள் விளிம்பிலிருந்து அது ஹப்பில் உட்காரும் முகம்வரை உள்ள தூரம்) 3.75 அங்குலம் உள்ள, 15 அங்குல விட்டமும் 8 அங்குல அகலமும் கொண்ட சக்கரம் போட்டால் டயர் வெளியே தள்ளி நிற்கும், பட்டையைத் தொடாது. அளவுக்கு மீறி வெளியே தள்ளினால் குழியில் விழும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நக்கிள் ஸ்டாப் போல்ட்டில் முட்டிய பிறகும் ஸ்டியரிங் பாக்ஸுக்குள் கொஞ்சம் திருப்பம் மிச்சம் இருக்க வேண்டும். பாக்ஸ் முதலில் முட்டினால் பவர் ஸ்டியரிங்கின் முழு அழுத்தமும் பாக்ஸுக்குள்ளேயே போய் விழும்.

டென்வரிலிருந்து: என் டொயோட்டாவில் எதுவும் இடிக்கவில்லை. ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்புகிறது. இதுவும் லிஃப்டால்தானா?

லிஃப்டால்தான். இந்த வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸ் டிராக் லிங்க்கை, அதாவது பாக்ஸையும் நக்கிளையும் இணைக்கும் ராடை, முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும். லிங்க்கின் ஒரு முனை சேசிஸோடு நிற்கிறது, மறுமுனை ஆக்சிலோடு ஏறி இறங்குகிறது. படுக்கையாக இருந்தவரை தொல்லை இல்லை. உயர்த்தியதும் சரிந்துவிட்டது.

கணக்கு போட்டே காட்டுகிறேன். லிங்க் 600 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையாக இருக்கும்போது ஒரு முனை 50 மி.மீ. ஏறினாலோ இறங்கினாலோ, நீளவாக்கில் இழுபடுவது 2 மி.மீ.தான். அதே லிங்க் ஏற்கெனவே 100 மி.மீ. சரிந்து நிற்கிறது என்றால், சக்கரம் இன்னும் 50 இறங்கும்போது 10 மி.மீ.க்கு மேல் இழுபடும். நக்கிள் ஆர்ம் 150 மி.மீ. என்றால் சக்கரம் ஏறக்குறைய 4 டிகிரி திரும்பிவிடும். நீங்கள் கையை அசைக்கவே இல்லை.

தீர்வு கிராஸ்ஓவர். 1986 முதல் வந்த ஐஎஃப்எஸ் (முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும்) டொயோட்டா 4x4-இன் ஸ்டியரிங் பாக்ஸை எடுத்து மாட்டுவார்கள். அதன் ஆர்ம் பக்கவாட்டில் ஆடும். நக்கிளின் தலையில் ஹைஸ்டியர் ஆர்ம் வைத்து, டிராக் லிங்க்கையும், இரண்டு நக்கிளையும் இணைக்கும் டை ராடையும் ஸ்பிரிங்குக்கு மேலே கொண்டுபோய்விடலாம். லிங்க் வண்டியின் குறுக்கே ஓடுவதால் நீளமும் கூடும், சரிவும் குறையும். கல்லில் டை ராடு வளைகிற கதையும் முடிந்தது. பாக்ஸ் போல்ட் போகும் துளைகளில் சேசிஸுக்குள் குழாய் வைத்து வெல்ட் செய்து, வெளியே தகடும் வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெறுமனே துளை போட்டு முடுக்கினால் சேசிஸ் சப்பிப்போகும்.

அதே டென்வர் நண்பர்: கிராஸ்ஓவர் போட்டால் வேறு எதுவும் இடிக்காதா?

இடிக்கும்! மேலே கொண்டுபோன ராடுக்கு மேலே இருப்பது இன்ஜின். லிஃப்ட் குறைவாக இருந்தால் முழு அமுக்கத்தில் ராடு ஆயில் சம்ப்பையோ சேசிஸையோ தேடிப் போகும். பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கி ஆக்சிலை அதற்கு முன்பே நிறுத்துங்கள். கீழே பட்டையின் மேல்முகத்தையும் யூ போல்ட் நுனிகளையும் பாருங்கள். நுனி நீட்டிக்கொண்டிருந்தால் யூ போல்ட்டைத் தலைகீழாக மாட்டும் தகடு கிடைக்கிறது. களிமண் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.

டல்லஸிலிருந்து: 1979 ஷெவர்லே கே10, 6 அங்குல லிஃப்ட். டிராப் பிட்மன் ஆர்ம் போட்டால் டிராக் லிங்க் படுக்கையாகிவிடும் என்கிறார்களே?

முதலில் பெயர்க் குழப்பம். பாக்ஸிலிருந்து டிராக் லிங்க்கைத் தள்ளி இழுக்கும் ஆர்மை அமெரிக்காவில் பிட்மன் ஆர்ம் என்பார்கள், நம் ஊர்ப் பட்டறையில் டிராப் ஆர்ம் என்போம். இங்கே "டிராப் பிட்மன்" என்றால் வழக்கத்தைவிடக் கீழே தொங்கும் ஆர்ம். நான் வந்த புதிதில் இதில் குழம்பி, வேறு சாமான் ஆர்டர் போட்டவன்.

கே10-இல் அதை நான் போட மாட்டேன். ஆர்ம் கீழே தொங்கத் தொங்க, பாக்ஸின் ஷாஃப்டையும் சேசிஸையும் முறுக்கும் நெம்பு கூடுகிறது. இந்த வண்டிகளின் பெரிய நோயே பாக்ஸ் போல்ட் சுற்றி இடப்பக்கச் சேசிஸ் வெடிப்பதுதான். உயர்த்தாத வண்டியிலேயே வரும்.

எனக்கே நடந்தது. டிராப் பிட்மன், 35 அங்குல டயர், எட்டு மாதம் ஓட்டினேன். ஸ்டியரிங்கில் ஆட்டம். டை ராடு முனை மாற்றினேன், பாக்ஸை டைட் வைத்தேன், போகவில்லை. கடைசியில் மனைவியை உட்கார்த்தி ஸ்டியரிங்கை இப்படி அப்படி ஆட்டச் சொல்லிவிட்டு பாக்ஸைப் பார்த்தால், பாக்ஸோடு சேர்ந்து சேசிஸே மூச்சு விடுகிறது. மண்ணைச் சுரண்டி பிரேக் கிளீனர் அடித்ததும் முன் போல்ட்டிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போல் ஒரு துருக் கோடு. விரல் நீளம் இருந்தது.

வெடிப்பு இருந்தால் அதன் இரு நுனியிலும் சின்னத் துளை போட்டு, கோட்டை வி வடிவில் அரைத்து, வெல்ட் நிரப்பி, மேலே பிரேஸ் தகடு வையுங்கள். இல்லாவிட்டாலும் தகடு வையுங்கள். லிங்க்கைப் படுக்கையாக்க, இடப்பக்க நக்கிளின் மேல் உட்காரும் ஸ்டியரிங் ஆர்மை உயரமானதாக மாற்றுங்கள். அதாவது பாக்ஸ் பக்கத்தைக் கீழே இறக்காமல் நக்கிள் பக்கத்தை மேலே ஏற்றுவது. இன்னும் செலவு செய்ய முடிந்தால் இதிலும் கிராஸ்ஓவர் உண்டு: டூ-வீல் டிரைவ் டிரக்கின் பாக்ஸும், வலப்பக்கத்துக்குத் தலை தட்டையான நக்கிளும் வேண்டும்.

ஹூஸ்டனிலிருந்து: 1990 ஃபோர்டு எஃப்-150, 4 அங்குலம். எனக்கும் டிராப் பிட்மன் வேண்டாமா?

உங்களுக்கு வேண்டும். உங்கள் வண்டியில் ஒரே ஆக்சில் இல்லை, இரண்டு பீம்கள் தனித்தனியாக ஆடும். ராடுகளும் பீம்களும் ஒரே சரிவில் இருந்தால்தான் வண்டி நேராக ஓடும். பீம் பிவட்டைக் கீழே இறக்கிய அளவுக்கு ஆர்மையும் இறக்க வேண்டும். கே10-க்கு விஷம், உங்களுக்கு மருந்து.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, என்னட்ட எல்என்106 ஹைலக்ஸ் டபுள் கெப் இருக்கு. 2 அங்குலம் உயத்தினனான். ஸ்டியரிங் வீல் நேரா நிக்குதில்லை, வலப்பக்கம் முழுசா வெட்டினா ரயர் உரசுது. அமெரிக்காக் கிட் எடுப்பிக்கலாமோ?

வேண்டாம் தம்பி. அந்தக் கிட்டுகள் ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டிக்கானவை. பாக்ஸ், ஆர்ம், சேசிஸ் தகடு எல்லாம் உங்களுக்கு மறுபக்கம் வர வேண்டும். 2 அங்குலத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை. வீல் கோணலாக நிற்பதற்குக் காரணம், லிங்க் சரிந்ததில் அதன் நீளம் போதாமல் போனது. டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருத்தி, சில்லு நேராக இருக்கும்போது பாக்ஸும் நடுவில் நிற்கும்படி வையுங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றித் திருப்பிப் போடுகிற குறுக்கு வழி வேண்டாம். பாக்ஸ் நடு தப்பினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெட்டும். உங்கள் ரயர் ஒரு பக்கம் மட்டும் உரசுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். லிங்க்கைத் திருத்தியபின் பாருங்கள்.

சான் டியேகோவிலிருந்து: 3 அங்குலம் பாடி லிஃப்ட் மட்டும் போட்டேன். ஸ்டியரிங் திருப்பும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் இளகுகிறது. வி8 மாற்றியதால் எக்ஸாஸ்ட் ஹெடரும் ஷாஃப்டுக்கு மிக அருகில்.

பாடி மேலே போனது, பாக்ஸ் சேசிஸிலேயே நின்றுவிட்டது. நடுவில் உள்ள ஷாஃப்ட் நீண்டு செங்குத்தாகிவிட்டது. இறுகி இளகுவது யூ-ஜாயின்ட் கோணத்தால். ஒரு ஜாயின்ட்டுக்கு 35 டிகிரிதான் உச்சவரம்பு. இரண்டு ஜாயின்ட்டின் கவடுகளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டிருந்தாலும் இப்படித்தான் வரும். ஹெடரைச் சுற்றிப் போக மூன்றாவது ஜாயின்ட் போடலாம், ஆனால் ஷாஃப்டை நடுவில் தாங்க ஒரு பேரிங் கட்டாயம். இல்லாவிட்டால் ஷாஃப்ட் சாட்டை போல் ஆடும்.

எல் பாசோவிலிருந்து: டிராக் லிங்க்கைச் சூடுபோட்டு வளைத்து ஸ்பிரிங்கைத் தாண்ட வைக்கலாமா? பிட்மன் ஆர்மை வெட்டி வெல்ட் செய்யலாமா?

இரண்டும் கூடாது. வளைந்த ராடு தள்ளும்போது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். ஆர்ம் அடித்து உருவாக்கிய இரும்பு, வெல்ட் ஓரத்தில் ஒருநாள் சொல்லாமல் உடையும். ராடு வேண்டுமென்றால் 32 மி.மீ. விட்டம், 6 மி.மீ. சுவர் உள்ள கனத்த குழாயில் புதிதாகச் செய்யுங்கள்.

டூசான் தம்பி மறுபடி: அண்ணா, நீங்க சொன்ன மாதிரி பார்த்தேன். டிராக் லிங்க் எதையும் தொடலை. டயரும் ஒரு விரல் தள்ளித்தான் நிக்குது. இடப்பக்க நக்கிள்ல ஸ்டாப் போல்ட்டே இல்லை, வெறும் துளைதான். முழுசா ஒடிச்சா பாக்ஸ் உள்ளே போய் முட்டி "டங்"குது.

முன்னால் வைத்திருந்தவர் ஒடிப்பு கூடட்டும் என்று கழற்றியிருப்பார். போல்ட்டும் லாக் நட்டும் வாங்கிப் போட்டு, பாக்ஸ் முட்டுவதற்கு முன் நக்கிள் நிற்கும்படி வையுங்கள். பட்டைகளைத் திரும்பக் கோக்கும்போது சென்டர் போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள், நூறு மைல் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்குங்கள். பாக்ஸ் சீலில் எண்ணெய் கசிகிறதா என்று ஒரு வாரம் கழித்துக் குனிந்து பாருங்கள்.