எமல்ஷன் பூசிய பிறகு கிரீமும் வேண்டுமா?

கேள்வி: விடுமுறைக்குத் தென்கொரியத் தலைநகர் சோல் சென்றிருந்தபோது டோனர், எசென்ஸ், சீரம், எமல்ஷன், கிரீம் என ஐந்தும் சேர்ந்த தொகுப்பு ஒன்றை வாங்கி வந்தேன். கடையில் சொல்லித் தந்த வரிசையில்தான் தினமும் காலையில் பூசுகிறேன். ஆனால் எம்ஆர்டி ரயில் நிலையத்தை எட்டுவதற்குள் முகத்தில் எண்ணெய் வழிகிறது. மேலே பூசிய சன்ஸ்கிரீன் வெள்ளைத் துணுக்குகளாக உருண்டு வருகிறது. நெற்றியில் சிறு சிறு பொரிகள் தோன்றி அரிக்கின்றன. அலுவலக ஏர்கானில் உட்கார்ந்தாலோ கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. எமல்ஷனும் கிரீமும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. இரண்டும் தேவைதானா?
– வாசகி, செங்காங்

பதில்: காலையில் ஒன்று போதும். எமல்ஷனை வைத்துக்கொண்டு கிரீமை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை. நீரையும் எண்ணெயையும் பிரிந்துவிடாமல் பிணைத்து வைத்த கலவைகள்தாம் இரண்டுமே. வேறுபாடு அளவில் இருக்கிறது. எமல்ஷனில் நீர் மிகுதி, எண்ணெய் குறைவு. கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம் போன்ற ஈரம் ஈர்க்கும் பொருள்களோடு, ஸ்குவாலேன் போன்ற இலகுவான எண்ணெய் சிறிதளவு இருக்கும். உள்ளங்கையில் ஊற்றினால் பால் போல ஓடும். கிரீமில் ஷியா வெண்ணெய், மெழுகு, பெட்ரோலாட்டம் போன்ற கனமான பொருள்கள் கூடுதலாகச் சேர்வதால், அது தோலின்மேல் ஒரு படலமாக நின்று உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமல் தடுக்கிறது.

அந்தப் படலம் எங்கே தேவைப்படுகிறது என்பதைப் பாருங்கள். சோல் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும். வெளியே உலர்ந்த குளிர்காற்று, வீட்டுக்குள் தரையைச் சூடாக்கும் வெப்பமூட்டி. அங்கே எமல்ஷனுக்கு மேல் கிரீமும் பூசுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. சிங்கப்பூரிலோ காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தோலிலிருந்து நீர் வெளியேறும் வேகம் இங்கே இயல்பாகவே குறைவு. போதாக்குறைக்கு வெயிலில் முகமே எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கிறது. கொரியர்களும் கோடையில் அடுக்குகளைக் குறைத்துக்கொள்வது வழக்கம். நமக்கோ ஆண்டு முழுவதும் கோடைதான்.

சன்ஸ்கிரீன் உருள்வதற்கும் அடுக்குகளே காரணம். டைமெத்திக்கோன் போன்ற சிலிக்கோன்களும் பசைத்தன்மையுள்ள கெட்டிப்படுத்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, உலர்வதற்குள் தேய்க்கப்படும்போது இப்படித் திரளும். ஆகவே காலையில் டோனர், எமல்ஷன், சன்ஸ்கிரீன் என மூன்றோடு நிறுத்துங்கள். எசென்ஸையும் சீரத்தையும் இரவுக்கு ஒதுக்குங்கள். டோனரின் ஈரம் முழுவதும் காய்வதற்கு முன்பே, பத்துக் காசு நாணயத்தின் அளவுக்கு எமல்ஷனை உள்ளங்கையில் எடுத்து, முதலில் கன்னங்களில் ஒற்றி, பிறகு தாடையில் தடவி, கையில் எஞ்சியிருப்பதை மட்டும் நெற்றிக்கும் மூக்குக்கும் கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: வழுக்கினால் இன்னும் ஊறவில்லை, இலேசாக ஒட்டினால் சன்ஸ்கிரீனுக்கு நேரம் வந்துவிட்டது. அதைத் தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். ஆனால் அதன் அளவில் மட்டும் கை சுருக்க வேண்டாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நெடுக நிரம்பும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். இங்கே நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தொடுவது அரிதன்று. திருநீறு இட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தால், இவையெல்லாம் படிந்த பிறகு இட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தோடு இட்டால் திட்டுத் திட்டாகிவிடும்.

ஏர்கான் காற்று உலர்ந்தது என்பதால் கன்னம் இழுப்பது உண்மைதான். அதற்காக முகம் முழுவதும் கிரீம் பூச வேண்டியதில்லை. காலையில் கன்னங்களுக்கு மட்டும் எமல்ஷனை இன்னொரு முறை மெல்லியதாக ஒற்றி, இரவில் அதே இடத்தில் கிரீமைப் பயன்படுத்துங்கள். வாங்கிய கிரீமும் வீணாகாது.

நெற்றிப் பொரிகளைப் பற்றி நான் சற்று அக்கறையோடு சொல்கிறேன். ஒரே அளவில், அரிப்போடு, நெற்றியிலும் மயிர்க்கோட்டை ஒட்டியும் வருபவை எல்லாம் பரு ஆகிவிடா. நம் தோலில் இயல்பாக வாழும் மலஸீசியா என்னும் பூஞ்சை, வியர்வையும் எண்ணெயும் தேங்கும் இடத்தில் மயிர்க்கால்களுக்குள் பெருகினாலும் இப்படித்தான் தோன்றும். அது கொழுப்பமிலங்களை உண்டு வளர்வது. கனமான கிரீமும் தலைக்குத் தேய்த்து நெற்றிக்கு இறங்கும் எண்ணெயும் அதற்குத் தீனி. பருவுக்கான மருந்து இதற்கு அவ்வளவாகப் பயன் தராது; பூஞ்சைக்கான மருந்தே வேண்டும். நெற்றியில் கிரீமை நிறுத்தி இரண்டு மூன்று வாரங்களில் தணியாவிட்டால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவர் மண்டலே ரோட்டிலுள்ள தேசிய சரும நிலையத்துக்குப் பரிந்துரைப்பார்.

கேள்வி: என் மகன் தேசிய சேவையில், ராணுவத்தில் இருக்கிறான். பயிற்சியின்போது முகத்தில் பூசும் உருமறைப்புச் சாயத்தோடும் பருக்களோடும் வீட்டுக்கு வருகிறான். மருந்துக்கடையில் வாங்கிய பென்சாயில் பெராக்சைடைப் பூசித் தோல் உரிகிறது. மாய்ஸ்சரைசர் பூசச் சொன்னால், “முகத்தில்தான் எண்ணெய் இருக்கிறதே, அம்மா” என்கிறான். அவனுக்கு எமல்ஷன் ஒத்துவருமா?
– ஒரு தாய், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நன்றாகவே ஒத்துவரும். எண்ணெய் வழியும் முகத்திலும் நீர்ச்சத்து குறையலாம்; மருந்தினால் தோல் உரிவது அதற்கு அடையாளம். முதலில் எமல்ஷனைப் பூசி, அது ஊறிய பிறகு மருந்தை மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். எரிச்சல் குறைந்தால்தான் மருந்தையும் விடாமல் தொடர்வான். மருந்து 2.5 விழுக்காடு போதும். அளவு கூடக் கூட எரிச்சல் கூடுமே தவிர, பலன் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தைப் போக்கிவிடும் என்பதால் வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் கொடுங்கள்.

உருமறைப்புச் சாயம் எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது. சோப்பால் உரசி எடுக்க முயன்றால் பரு இன்னும் சிவக்கும். உலர்ந்த முகத்திலேயே கிளென்சிங் ஆயிலைத் தடவி, சாயம் கரைந்ததும் சிறிது தண்ணீர் சேர்த்தால் எல்லாம் பால் போல வெளுக்கும். அதைக் கழுவிவிட்டு, மென்மையான ஃபேஸ் வாஷால் இன்னொரு முறை கழுவினால் போதும்.

ஆண்களுக்கென விற்கும் கொரியப் பெட்டிகளில் பெரும்பாலும் டோனரும் லோஷனும் என இரண்டே புட்டிகள் இருக்கும். அந்த லோஷன்தான் எமல்ஷன். அவற்றில் பல வாசனையும் ஆல்கஹாலும் மிகுந்தவை. உரியும் தோலுக்கு அவை ஆகா. வாசனையில்லாத, நியாசினமைடு சேர்ந்த ஒன்றைத் தேடுங்கள். நம் நிறத்தவருக்குப் பரு போனாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அதை மங்கச் செய்ய நியாசினமைடும் சன்ஸ்கிரீனும் உதவும்.

கேள்வி: எனக்கு வயது 63. உலர்ந்த தோல். தெரிந்தவர் ஒருவர் கைப்பேசிவழி விற்கும் “கொரிய வெண்மை எமல்ஷன்” இரண்டே வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் என்கிறார். புட்டியில் உட்பொருள்களின் பட்டியல் இல்லை. வாங்கலாமா?
– வாசகி, பிடோக்

பதில்: வேண்டாம், அம்மா. சிங்கப்பூரில் விற்கும் எந்த அழகுப் பொருளையும் பற்றி, விற்பனைக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். உட்பொருள்களையும் லேபிளில் அச்சிட வேண்டும். இரண்டு வாரத்தில் வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்றவற்றில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு ஆகியவை கண்டறியப்பட்டு ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும்.

உங்கள் வயதில் தோல் சுரக்கும் எண்ணெய் குறைவு என்பதால், செங்காங் வாசகிக்குச் சொன்ன அறிவுரை உங்களுக்கு முழுவதும் பொருந்தாது. காலையில் எமல்ஷன், இரவில் எமல்ஷனுக்கு மேல் கிரீம் என்று இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்த “வெண்மை எமல்ஷனை” ஏற்கெனவே சிறிது பூசிப் பார்த்திருந்தால், உடனே நிறுத்திவிட்டுப் புட்டியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.