பெர்மிட்டை நினைத்துப் பயந்து பொறுத்துப் போக வேண்டாம்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இந்த முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம் என்ற பெர்மிட். என் உச்சரிப்பை மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்கிறார். ஓவர்டைம் எனக்கு மட்டும் கிடைப்பதில்லை. வழக்குப் போட்டால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களா?

பதில்: உங்களை நாடு கடத்தும் அதிகாரம் முதலாளிக்குக் கிடையாது. புகார் கொடுத்ததற்காக வேலையைவிட்டு நீக்குவதையும் மிரட்டுவதையும் ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. தடையையும் மீறி நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் முதலாளியால் கொடுமைக்கு ஆளாகும் உங்களைப் போன்றவர்கள், வேறு முதலாளிகளிடமும் வேலை செய்ய அனுமதிக்கும் ‘திறந்த பெர்மிட்’ கேட்டு விண்ணப்பிக்க 2019 முதல் வழி இருக்கிறது. மன ரீதியான கொடுமையும் அதில் அடங்கும். கட்டணமும் இல்லை.

இனி வழக்கு. மேற்பார்வையாளர் பொதுவாகவே கடுகடுப்பானவர் என்றால் அது பாகுபாடு ஆகாது. இனம், நிறம், பிறந்த நாடு, குடியுரிமை போன்ற ஒன்றோடு அந்த நடத்தைக்குத் தொடர்பு இருக்க வேண்டும். மொழி சட்டத்தின் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் உச்சரிப்பு நம் பூர்வீகத்தோடு பிணைந்தது என்பதால் அந்த வழியில் வாதாடலாம். கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. பூர்வீகமும் ஒரு காரணம் என்று காட்டினால் போதும்.

எனவே ஓவர்டைம் பட்டியல்களைப் படம் எடுத்து வையுங்கள். யாருக்கு, எந்த நாளில் கொடுத்தார்கள் என்பது உங்கள் கண்ணீரைவிட வலுவாகப் பேசும். கேலிப் பேச்சை அன்றன்றே, சொன்ன சொல் மாறாமல், உடனிருந்தவர் பெயரோடு எழுதுங்கள். மனிதவளப் பிரிவுக்கு வாய்மொழியாகச் சொன்னதையும் மின்னஞ்சலில் மறுபடி அனுப்புங்கள்.

மனித உரிமைகள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. கடைசிச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கம்பெனி விசாரிக்கிறது என்பதற்காக இந்தக் கெடு நீளாது. நல்ல வழக்குகள் பல இப்படிக் காத்திருந்தே வீணாகின்றன, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். தீர்ப்பு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம், அதற்கும் தயாராக இருங்கள். இழந்த ஊதியத்தோடு, மன வேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம்.

வேலையை விட்டு நிறுத்தும்போது கொஞ்சம் பணம் கொடுத்து ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், அன்றே போட்டுவிடாதீர்கள். இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கக்கூடும். பிறகு தீர்ப்பாயம் உங்கள் வழக்கை எடுக்காமலே போகலாம். முதலில் மனித உரிமைகள் சட்ட உதவி மையத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். ஆலோசனை இலவசம். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.